கல்யாணக் காட் அடிக்கிற ஸ்கிறீனில் திரான்சிஸ்டர் அடிப்பது எப்படி

மடிக்கிற போன், சுருட்டுகிற ரி.வி. என்று வீடியோ பார்த்துவிட்டு "அண்ணை, இதை நாங்களே செய்து பார்க்கேலாதா" என்று கேட்கிற பெடியள் எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர். எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். தேடியவுடன் பி3எச்ரி என்ற குறைகடத்திப் பொலிமர் வரும், அதைக் கரைக்கக் குளோரோபென்சீன் வேண்டும் என்று வரும், பிறகு தங்கப் பூச்சு, நைதரசன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டி என்று நீளும். விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கிவிடும்.

நான் மறுபக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன். தண்ணீரில் கலந்த கடத்தும் பொலிமர் பசை, ஓ.எச்.பி. தாள் என்கிற தெளிந்த பொலியெஸ்ரர் தாள், உப்பு, அகர்அகர், பிறகு கல்யாணக் காட் அடிக்கிற ஸ்கிறீன் ஒன்று. மாமாவின் அச்சுக் கடைக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலில் நான் செய்தது இதைத்தான். அது வேலை செய்த பிறகு பி3எச்ரி பக்கம் போகலாம், அதையும் பின்பாதியில் எழுதியிருக்கிறேன்.

ஒரு விசயத்தை இப்பவே சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிற மடிக்கும் போனில் ஒளிர்வதுதான் சேதனப் பொருள், அதாவது காபன் சேர்வை. அந்த ஒவ்வொரு புள்ளியையும் ஓட்டுகிற திரான்சிஸ்டர் பெரும்பாலும் பிளாஸ்ரிக் மேல் படியவைத்த சிலிக்கன். திரான்சிஸ்டரும் சேதனம், அதுவும் மையாக அச்சடித்தது என்பது வேறு கதை.

ஊற்று, வடிகால், படலை

திரான்சிஸ்டரின் மூன்று முனைகளையும் இங்கே ஊற்று, வடிகால், படலை என்றுதான் எழுதப்போகிறேன். ஏ.எல். பாடத்தில் தருக்கப் படலை படித்தவர்களுக்கு இது புதிதில்லை, படிக்காதவர்களுக்கும் வீட்டு வாசலில் படலை இருக்கும். ஊற்றுக்கும் வடிகாலுக்கும் நடுவில் இருக்கிற துண்டு வாய்க்கால். வெங்காயத்துக்கு இறைக்கும்போது மண்வெட்டியால் வரம்பை வெட்டித் திறந்து, பிறகு மண்ணை இழுத்து மூடுவோமே, படலையின் வேலை அதுதான். கையை வைக்காமல் வோல்ற்றளவால் திறந்து மூடுகிறோம்.

இதில் இரண்டு சாதி உண்டு. வித்தியாசம் விளங்காவிட்டால் பிறகு எல்லாம் குழம்பும்.

ஒன்று புல விளைவுத் திரான்சிஸ்டர். படலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய காவலி இருக்கும். படலைக்கு வோல்ற்றளவு கொடுத்தால், அந்தக் காவலியைத் தொட்டுக்கொண்டிருக்கிற சில நனோமீற்றர் தடிப்புக்குள் மட்டும் மின்னேற்றம் சேர்ந்து பாதை திறக்கும். சேதனப் பொருளில் இதை முதலில் காட்டியவர்கள் 1986இல் ஜப்பானின் மிற்சுபிஷி ஆய்வாளர்கள், பொலிதயோபீனை வைத்து. அதன் இயங்குதிறன், அதாவது மின்னேற்றம் பொருளுக்குள் எவ்வளவு சுகமாக ஓடும் என்கிற அளவு, ஏறத்தாழ 0.00001 ச.செ.மீ./வோல்ற்-செக்கன் மட்டுமே.

மற்றது மின்னிரசாயனத் திரான்சிஸ்டர். இதில் காவலிக்குப் பதில் உப்புக் கரைசல். படலைக்கு நேர் வோல்ற்றளவு கொடுத்தால் கரைசலிலுள்ள சோடியம் அயன்கள் வாய்க்காலுக்குள்ளேயே புகுந்துவிடும். மேற்பரப்பு மட்டுமில்லை, முழுத் தடிப்பும் மாறி, திறந்திருந்த வாய்க்கால் மூடும். 1984இல் அமெரிக்காவில் பொலிபிரோலை வைத்து முதலில் செய்தார்கள். வேகம் குறைவு, ஏனென்றால் அயன் எலத்திரன் மாதிரி ஓடாது, நீந்தித்தான் வரவேணும். ஆனால் 1 வோல்ற்றுக்குள் எல்லாம் நடந்து முடியும். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி றேடியோ கேட்ட காலத்து ஆட்களுக்கு 1 வோல்ற் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் தொடங்குகிறவருக்கு இரண்டாவதுதான். காரணம் கணக்கில் இருக்கிறது. பெடொட்-பிஎஸ்எஸ் என்பதுதான் நான் சொன்ன கடத்தும் பொலிமர், அச்சடித்த அதன் படலம் ஒரு சதுரத்துக்கு 500 ஓம் என்று வையுங்கள் (சதுரம் சின்னதோ பெரிதோ, தடை அதேதான்). வாய்க்கால் 0.5 மி.மீ. அகலம், 1 மி.மீ. நீளம் என்றால் இரண்டு சதுரம், 1000 ஓம். 0.1 வோல்ற் கொடுத்தால் 0.1 மில்லியம்பியர். இதைச் சாதாரண மல்ரிமீற்றரே காட்டும். புல விளைவு வகையில் நீங்கள் தேடுகிற மின்னோட்டம் நனோ அம்பியரில் ஒளிந்திருக்கும், அதை அளக்கிற கருவியின் விலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

என்னென்ன வேண்டும்

பெடொட்-பிஎஸ்எஸ் என்பது கடத்துகிற பெடொட் பொலிமரும், அதைத் தண்ணீரில் மிதக்கவைக்கிற பிஎஸ்எஸ் அமிலப் பொலிமரும் சேர்ந்த கடும்நீலக் கலவை. ஸ்கிறீனுக்கென்றே தடிப்பாக்கிய பசையை வாங்குங்கள். அக்ஃபாவின் ஓர்ககொன், ஹெரேயஸின் கிளேவியோஸ் இரண்டிலும் அந்த வகை உண்டு, சிக்மா-ஆல்ட்ரிச் சின்னப் போத்தலிலும் விற்கிறது. தண்ணி மாதிரி ஓடுகிற வகையை வாங்கிவிட்டு மாவைப் போட்டுத் தடிப்பாக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், கட்டி கட்டியாக வந்தது. ஓடுகிற வகைதான் கையில் கிடைத்தது என்றால் நூற்றுக்கு 5 பங்கு எதிலீன் கிளைக்கோல் சேர்த்தால் கடத்துதிறன் பல நூறு மடங்கு ஏறும், நூற்றுக்கு 1 பங்கு ஜிஓபிஎஸ் என்ற சிலேன் சேர்த்தால் காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது, தூரிகையால் பூசிப் பார்க்கலாம். றேடியேற்றருக்கு விடுகிற பச்சைத் தண்ணியும் கிளைக்கோல்தானே என்று அதை ஊற்றவேண்டாம், அதில் வேறு பல சாமான் கலந்திருக்கும்.

பசையைக் குளிரூட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விட்டால் பிறகு சரிவராது. இது நல்ல புளிப்பான சாமான், பிஎச் 2க்குக் கிட்ட. அதனால் அலுமினியத் தாளைத் தொடுமுனையாக ஒட்டினால் ஒரு கிழமைக்குள் அரித்துவிடும்.

தாள்: லேசர் பிறின்ரருக்கென்று விற்கிற, பூச்சு இல்லாத ஓ.எச்.பி. தாள். இங்க்ஜெற் வகையில் மை உறிஞ்சுகிற பூச்சு இருக்கும், அது உப்புத் தண்ணியையும் உறிஞ்சும்.

தொடுமுனைக்குக் காபன் பசை. வெள்ளிப் பசை நல்லாய்க் கடத்தும், ஆனால் உப்புக் கரைசல் பட்டால் வெள்ளி கரைந்து ஊர்ந்துபோகும், ஆகவே அதைக் கரைசலுக்குத் தூரத்தில் மட்டும் வையுங்கள். இங்கே ஒரு சிரிப்பு. கொழும்பிலிருந்து ஒருவர் மூலம் எடுப்பித்த "சில்வர் பேஸ்ற்" ஒன்றை இரண்டு நாள் அடித்துக் காயவைத்து அளந்தேன், மீற்றர் அசையவேயில்லை. அது வெள்ளி நிறப் பெயின்ற். வாங்கியவுடன் ஒரு சொட்டைத் தாளில் தடவிக் காயவைத்து அளந்து பாருங்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, தாளைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளையாய்த் திட்டுப் படியும். பற்றரிக்கு விடுகிற வடிநீர்ப் போத்தல் போதும். உப்பு அயடீன் சேர்க்காத கட்டி உப்பாக இருக்கட்டும், ஆனையிறவு உப்பைக் கழுவி எடுத்தாலும் சரி.

படம் கீறுதல்

முதல் படத்தை எளிமையாக வையுங்கள். 0.5 மி.மீ. அகலத்தில் ஒரு கோடு, அதன் இரண்டு அந்தமும் விரிந்து 5 மி.மீ. சதுரமாகும், ஒன்று ஊற்று, மற்றது வடிகால். கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி 3 மி.மீ.க்கு 3 மி.மீ. படலை, அதற்கும் ஒரு வால். எல்லாமே ஒரே பசை, ஒரே அடி. படலையின் பரப்பு வாய்க்காலின் பரப்பைவிட ஒரு பத்து மடங்காவது இருக்கவேணும். இல்லாவிட்டால் கொடுக்கிற வோல்ற்றளவில் பெரும்பங்கு படலைப் பக்கத்திலேயே செலவாகிவிடும், வாய்க்கால் பாதிதான் மூடும். மேலே சொன்ன அளவில் வாய்க்கால் 0.5, படலை 9 சதுர மி.மீ., தாராளம்.

கோட்டை 0.2 மி.மீ.க்குக் குறைக்கலாம் என்று கொம்பியூட்டர் சொல்லும். ஸ்கிறீன் சொல்லாது. சென்ரிமீற்றருக்கு 120 நூல் உள்ள வலையில் 0.2 வரை இறங்கலாம், ஆனால் முதல் நாளில் 0.5.

மூலையில் சிலுவை அடையாளம் கட்டாயம். இரண்டு நிறக் கல்யாணக் காட்டில் பிள்ளையாரின் சிவப்பும் பொன் ஓரமும் விலகாமல் விழ என்ன செய்வார்களோ அதே வேலை. மாமாவிடம் திரான்சிஸ்டர் என்று சொன்னபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று நிறக் காட், 0.2 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது என்று சொன்னேன், "அது செய்யலாம் தம்பி, ஆனா தாள் சுருங்காமல் நீ பாத்துக்கொள்" என்றார். சுருங்குவதுதான் அடுத்த படி.

அடிப்பதும் காயவைப்பதும்

பொலியெஸ்ரர் தாள் 75 பாகை செல்சியசுக்கு மேல் இளகத் தொடங்கும், பசையைக் காயவைக்க வேண்டியது 120. முதல் அடி அடித்துச் சூடாக்கும்போது தாள் சுருங்கினால் இரண்டாவது அடி ஒருநாளும் பொருந்தாது. 100 மி.மீ. தாளில் நூற்றுக்கு ஒன்று சுருங்கினாலே 1 மி.மீ., அது உங்கள் வாய்க்காலின் முழு நீளம். ஆகவே வெறும் தாளை முதலில் 130 பாகையில் அரை மணித்தியாலம் தட்டையாக வைத்துச் சுருங்கவேண்டிய மட்டும் சுருங்கவிடுங்கள். பழைய சின்ன அவணுக்கு இதுமட்டுமே வேலையாக இருக்கட்டும், பிறகு அதில் கேக் போடாதீர்கள்.

ஸ்கிறீனில் பூசுகிற ஒளிப்பசை தண்ணீரைத் தாங்குகிற வகையா என்று கேட்டு வாங்குங்கள். அச்சுக் கடைகளில் வழமையாக இருப்பது எண்ணெய் மைக்கு ஏற்றது, தண்ணீர்ப் பசை பட்டால் பத்தாவது அடியில் ஓரம் கழரத் தொடங்கும்.

தாளை ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, துடைத்த பக்கத்தைக் கையால் தொடாமல் வையுங்கள். பசையை ஊற்றி, றப்பர் கட்டையை 45 பாகை சாய்வில் ஒரே இழுவையில் இழுங்கள். நடுவில் நின்று யோசித்தால் அந்த இடத்தில் கோடு தடிக்கும். பசை வலைக்குள் காய்ந்தால் கண் அடைபடும், ஆகவே ஐந்தாறு தாள் அடித்தவுடன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் சன்னலைத் திறந்துவைத்து அடிக்கவே கூடாது. செம்மண் தூசி ஒரு மணி விழுந்தாலும் 0.5 மி.மீ. கோட்டில் அது மலை.

120 பாகையில் ஐந்து பத்து நிமிடம். மாரி காலத்தில் இன்னும் கூட. பிஎஸ்எஸ் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற பொருள், நவம்பர் மழையில் காலையில் அளந்த தடையும் பின்னேரம் அளந்த தடையும் ஒன்றாக இராது. நான் இரண்டு கிழமை என் மீற்றரைத்தான் சந்தேகப்பட்டேன். சூடாக்கி எடுத்தவுடன் சிலிக்கா பொதி போட்ட மூடிய பெட்டிக்குள் வைத்து, ஆறியபின் அளந்தால் எண் நிலையாக நிற்கும்.

பிறகு காபன், ஊற்று வடிகால் படலை மூன்றின் வால்களிலும். பிறகு ஜன்னல், அதாவது எல்லாவற்றையும் மூடுகிற காவலிப் படையில் விடுகிற ஓட்டை.

ஜன்னல்தான் இந்த முழு வேலையின் உயிர். உப்புக் கூழ் (அகர்அகர் போட்டு உறையவைத்த உப்புக் கரைசல்) எங்கே படலாம், எங்கே படக்கூடாது என்று தீர்மானிப்பது அதுதான், வாய்க்காலின் நீளமும் அதன் அகலம்தான். காவலி வார்னிஷை ஸ்கிறீனில் அடிக்கலாம். சோம்பேறிகளுக்கு இன்னொரு வழி: ஸ்ரிக்கர் வெட்டுகிற கடையில் வினைல் ஸ்ரிக்கரில் அகப்பை வடிவத்தில் ஓட்டை வெட்டுவித்து ஒட்டுங்கள். அகப்பைக் காம்பு 1 மி.மீ. அகலத்தில் கோட்டைக் குறுக்கே கடக்கவேணும், அகப்பைத் தலை படலைக்கு மேல் வரவேணும். விரல் நகத்தால் ஓரமெல்லாம் நல்லாய் அழுத்துங்கள். எனக்கு முதலில் செத்த பதினொரு தாளில் ஒன்பது செத்தது இந்த ஓரத்துக்குக் கீழால் உப்புத் தண்ணி ஊர்ந்து காபனைத் தொட்டதால்தான்.

கூழ்: 100 மி.லீ. வடிநீரில் 0.58 கிராம் உப்பு, அது 0.1 மோலர். 2 கிராம் அகர்அகர் போட்டுக் கொதிக்கவைத்து, 10 மி.லீ. கிளிசரின் சேருங்கள், உடனே உலராமல் இருக்க. 40 பாகைக்குக் கிட்ட வந்தால் உறைந்துவிடும், ஆகவே இளஞ்சூட்டில் ஊசி இல்லாத சிரிஞ்சால் ஜன்னலுக்குள் ஒரு சொட்டு விடுங்கள். வழிந்தால் அந்தத் தாளை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள், துடைத்துச் சரிக்கட்டப் போகாதீர்கள்.

அளப்பது

இரண்டு பேனாப் பற்றரி, இரண்டு 10 கிலோ ஓம் திருப்புத் தடை, இரண்டு மல்ரிமீற்றர். ஊற்று இரண்டுக்கும் பொது. ஒரு பற்றரியின் மறை முனையைத் திருப்புத் தடை வழியாக வடிகாலுக்கு, 0.2 வோல்ற்றில் நிறுத்துங்கள். மற்றதன் நேர் முனையைப் படலைக்கு, 0இலிருந்து 0.1 வீதம் 0.8 வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பத்துச் செக்கன் பொறுத்து வடிகால் மின்னோட்டத்தை எழுதுங்கள். பிறகு அதே படியில் இறங்கி வாருங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் எண்கள் கொஞ்சம் விலகும், அது அயன் பிந்தி வெளியேறுவதால். மிகவும் விலகினால் பொறுத்த நேரம் போதாது. வாய்க்கால் பூச்சியத்தில் திறந்திருந்து, 0.8இல் மின்னோட்டம் நூறு மடங்காவது சுருங்கினால் உங்கள் கையில் திரான்சிஸ்டர் இருக்கிறது. கண்ணாலும் பார்க்கலாம், வாய்க்கால் வெளிறிய நீலத்திலிருந்து கடும்நீலமாகும்.

இரண்டாவது மீற்றரைப் படலைக் கம்பியில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் ஒருதரம் துள்ளி, பிறகு அடங்கவேணும். அடங்காமல் ஒரே எண்ணில் நின்றால் எங்கோ ஒழுக்கு, பெரும்பாலும் ஜன்னல் ஓரம். 1.2 வோல்ற்றுக்கு மேல் போகாதீர்கள், தண்ணீரே பிரியத் தொடங்கும், கூழுக்குள் குமிழி வந்தால் படலம் உரிந்தது என்று அர்த்தம்.

இதையே டிஸ்பிளே ஆக்குதல்

நிறம் மாறுகிறது என்றேனே, அப்ப அதையே ஒரு புள்ளியாக வைத்தால் என்ன? சுவீடனின் லிங்ஷோபிங், நோர்ஷோபிங் பக்கத்து ஆய்வாளர்கள் 2002இல் காகிதத்தில் செய்து காட்டியது இதைத்தான்: திரான்சிஸ்டரும் பெடொட், நிறம் மாறுகிற புள்ளியும் பெடொட்.

அதே தாளில் 5 மி.மீ. சதுரம் இரண்டைப் பக்கம் பக்கமாக 1 மி.மீ. இடைவெளியில் அடியுங்கள். இரண்டையும் மூடி ஒரு கூழ்ச் சொட்டு. பற்றரியின் நேர் முனை திரான்சிஸ்டரின் ஊற்றுக்கு, வடிகாலிலிருந்து முதல் சதுரத்துக்கு, இரண்டாவது சதுரத்திலிருந்து மறை முனைக்கு. 1 வோல்ற்றுக்குக் கொஞ்சம் கூடப் போதும், பேனாப் பற்றரியின் முழு 1.5ஐ நீண்ட நேரம் விடாதீர்கள். மறைப் பக்கச் சதுரம் கடும்நீலமாகும். படலைக்கு நேர் வோல்ற்றளவு கொடுத்து வாய்க்காலை மூடினால் நிறம் மாறாது, முன்பே மாறியிருந்தால் அப்படியே கொஞ்ச நேரம் நிற்கும்.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். பெடொட்-பிஎஸ்எஸ் ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 40 பரட் மின்னேற்றம் பிடிக்கும். 0.25 ச.செ.மீ. சதுரம், அரை மைக்ரோமீற்றர் தடிப்பு என்றால் 0.5 மில்லிபரட். 1000 ஓம் வாய்க்காலோடு பெருக்கினால் அரைச் செக்கன். கூழின் தடை, கோடுகளின் தடை எல்லாம் சேர எனக்கு இரண்டு மூன்று செக்கன் எடுத்தது. வேகம் வேண்டும் என்றால் சதுரத்தைச் சுருக்குங்கள், பக்கத்தைப் பாதியாக்கினால் நேரம் காற்பங்கு. வீடியோ ஓடாது. விலைச்சீட்டு, மருந்துப் போத்தல் குறி, வாக்களித்தால் நிறம் மாறுகிற அட்டை, இப்படியான வேலைக்கு அது போதும்.

ஒரேயொரு கட்டளை: திரான்சிஸ்டரின் கூழும் புள்ளியின் கூழும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் படலை புள்ளியையும் ஆட்டும், எது எதை ஓட்டுகிறது என்றே தெரியாது.

இனிப் பெரிய ஆட்டம்

புல விளைவு வகைக்கு வீடு சரிவராது. குளோரோபென்சீனும் தொலுயீனும் மூச்சிழுக்கிற பொருள் இல்லை, புகை உறிஞ்சுகிற அறை வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு மூலை கிடைத்தால் இதைப் படியுங்கள்.

இங்கே கணக்கு மாறுகிறது. நிரம்பிய நிலையில் (வடிகால் வோல்ற்றளவை ஏற்றினாலும் மின்னோட்டம் கூடாத நிலை) மின்னோட்டம் = (அகலம் ÷ (2 × நீளம்)) × இயங்குதிறன் × ச.செ.மீ. ஒன்றின் கொள்ளளவம் × (படலை வோல்ற்றளவு − தொடக்க வோல்ற்றளவு)². 300 நனோமீற்றர் சிலிக்கன் ஒட்சைட்டுக்குக் கொள்ளளவம் 11.5 நனோபரட். அகலம் நீளத்தைப்போல் 100 மடங்கு, வோல்ற்றளவு வித்தியாசம் 30, இயங்குதிறன் 0.1 என்று போட்டால் 52 மைக்ரோ அம்பியர் வரும், ஒரு சேதன ஒளிப்புள்ளியை ஓட்டத் தாராளம். 1986இன் 0.00001ஐப் போட்டால் 5 நனோ அம்பியர். இடைப்பட்ட காலத்து உழைப்பு முழுக்க இந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க: ரி.வி.களில் கனகாலம் இருந்த உருவற்ற சிலிக்கன் 0.5 முதல் 1, இண்டியம்-கலியம்-நாக ஒட்சைட் 10க்குக் கிட்ட.

மையில் இரண்டு தெரிவு. பி3எச்ரி, அடிப்பது சுகம், 0.01 முதல் 0.1. மற்றது அமெரிக்காவில் கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தில் ஜோன் அன்ரனி உருவாக்கிய ரிப்ஸ்-பென்ரசீன், 1ஐ எட்டும், ஆனால் பளிங்காக வளருகிற பொருள், எந்தத் திசையில் வளருகிறதோ அதற்கேற்ப ஒவ்வொரு திரான்சிஸ்டரும் ஒவ்வொரு குணம். அதனால்தான் அதோடு கொஞ்சம் பொலிஸ்ரைரீன் கலந்து அடிப்பார்கள், பரவல் சீராகும். நான் தொடக்கத்துக்குப் பி3எச்ரியைத்தான் சொல்வேன். உச்ச எண் குறைவு, ஆனால் பத்துச் செய்தால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். டிஸ்பிளேக்கு அதுதான் வேண்டும்.

சொட்டு காய்வதைக் கவனியுங்கள். மேசையில் சிந்திய தேத்தண்ணி காய்ந்தால் நடு வெளிறி ஓரத்தில் வளையம் நிற்குமல்லவா, மையும் அப்படித்தான். ஓரம் வேகமாக ஆவியாகும், அதை நிரப்ப நடுவிலிருந்து திரவம் ஓடும், கரைந்த பொருளையும் கூட்டிக்கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கும். வேகமாகக் கொதிக்கிற கரைப்பானோடு மெதுவாகக் கொதிக்கிற ஒன்றைக் கலந்தால் எதிர்த்திசை ஓட்டம் வந்து சமமாகும்.

இங்க்ஜெற் என்றால் அழுத்தமின் வகைத் தலைதான், மின் கொடுத்தால் நெளிந்து மையைத் தள்ளுகிற வகை. எப்சன், பிறதர் அந்த வகை. கனன், எச்பி சூடாக்கிக் குமிழி விடுகிற வகை, சேதனக் கரைப்பானுக்குச் சரிவராது. வீட்டு பிறின்ரரில் குளோரோபென்சீனை விட்டால் உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக்கே கரையும். ஆய்வுகூடங்களில் இருக்கிற டிமற்றிக்ஸ் கருவியில் ஒரு சொட்டு 10 பிக்கோலீற்றர், பறக்கும்போது 27 மைக்ரோமீற்றர் விட்டம், தாளில் விழுந்து பரவினால் அதைப்போல் இரண்டு மடங்கு. அதை வைத்து 5 மைக்ரோமீற்றர் வாய்க்கால் எப்படி வரும்? 2000இல் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹோஸ் குழு செய்தது நல்ல தந்திரம். தண்ணீரை ஒதுக்குகிற மெல்லிய பொலியிமைட் வரம்பை முதலில் கட்டி, அதன் இரண்டு பக்கமும் பெடொட் சொட்டைப் போட்டார்கள். சொட்டு வரம்பைத் தாண்டாமல் தானாக விலகி நின்றது. எங்கள் தோட்ட வரம்புதான் அங்கேயும்.

நீளம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிராக மாறும். இயங்குதிறன் 0.1, 20 வோல்ற், 50 மைக்ரோமீற்றர் என்றால் உச்சம் 13 கிலோஹேர்ட்ஸ் அளவில். 5 மைக்ரோமீற்றர் என்றால் 1.3 மெகாஹேர்ட்ஸ். நடைமுறையில் படலை ஊற்றுக்கு மேலும் கொஞ்சம் படர்ந்திருக்கும், அதனால் இன்னும் குறையும்.

அடுக்கு வரிசையில் படலை மேலே இருப்பதையே தேர்ந்தெடுங்கள். காவலியும் படலையும் சேர்ந்து குறைகடத்திக்குப் போர்வையாகிவிடும், பி3எச்ரியை ஒட்சிசன் கெடுப்பது குறையும். ஆனால் மேலே போடுகிற காவலியின் கரைப்பான் கீழே உள்ளதைக் கரைக்கக்கூடாது. சைரொப் என்ற புளோரோபொலிமர் இதற்காகவே பெயர் எடுத்தது. பணம் இல்லையென்றால் பிஎம்எம்ஏ என்ற அக்கிறிலிக் பொலிமரை பியூற்றைல் அசற்றேற்றில் கரைத்துப் போடுங்கள். வெள்ளித் தொடுமுனை பி3எச்ரியோடு ஒத்துப்போகாது, மின்னேற்றம் உள்ளே நுழையத் தடுமாறும். புளோரின் ஏற்றிய தயோலில் ஒருதரம் தோய்த்தால் தடுமாற்றம் குறையும்.

அளவீட்டில் ஏமாறாதீர்கள், முக்கியமாக உங்களிடமே. குறைகடத்தியைத் தாள் முழுக்கப் பூசிவிட்டு அளந்தால் ஓரத்தால் ஓடுகிற மின்னோட்டமும் சேர்ந்து இயங்குதிறன் வீங்கித் தெரியும். மின்னோட்ட வளைகோடு நடுவில் முறிந்து இரண்டு சாய்வாகப் போனால், செங்குத்தான பகுதியை மட்டும் எடுத்து "எனக்கு 10 வந்தது" என்று சொல்லலாம், பலர் சொன்னார்கள், பிறகு அது தொடுமுனையின் குணம் என்று தெரியவந்தது. பெல் ஆய்வுகூடத்தில் போலித் தரவு தயாரித்த ஹென்ட்ரிக் ஷோனின் கதையும் இந்தத் துறையில்தான் நடந்தது. வெவ்வேறு சாதனம் என்று போட்ட வரைபடங்களில் இரைச்சல்கூட ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்துத்தான் பிடித்தார்கள், 2002இல் வேலை போனது. மூலத் தரவை அழிக்காதீர்கள்.

வளைத்துப் பார்ப்பது

மேற்பரப்பில் ஏற்படும் இழுவை = தாளின் தடிப்பு ÷ (2 × வளைவின் ஆரை). 100 மைக்ரோமீற்றர் ஓ.எச்.பி. தாளை 30 மி.மீ. ஆரையுள்ள சோடாப் போத்தலில் சுற்றினால் 0.17 சதவீதம், 3.5 மி.மீ. ஆரையுள்ள பென்சிலில் சுற்றினால் 1.4. போத்தலில் தொடங்கிப் பென்சிலுக்கு வாருங்கள், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தடையை அளந்து எழுதுங்கள். என் தாள்களில் பெடொட் கோடு பென்சிலையும் தாங்கியது, வெடித்தது காபன் முனை. காபனைத் தாளின் ஓரத்துக்கு, வளையாத பக்கத்துக்கு மாற்றுங்கள்.

இன்னும் இறுக்கமாக வளைக்க வேண்டுமென்றால் அதே தடிப்புள்ள இன்னொரு தாளை மேலே ஒட்டிவிடுங்கள். இழுபடுகிற பக்கத்துக்கும் நெரிபடுகிற பக்கத்துக்கும் நடுவில் திரான்சிஸ்டர் வந்துவிடும், அங்கே இழுவை கிட்டத்தட்டப் பூச்சியம். சொனி 2010இல் 80 மைக்ரோமீற்றர் தடிப்பில் சேதனத் திரான்சிஸ்டர் ஓட்டுகிற 4.1 அங்குலத் திரையை 4 மி.மீ. ஆரைத் தண்டில் சுற்றிக் காட்டியது.

மேல் தாளை ஒட்டினால் கூழும் உலராது. ஆனால் ஒரு கிழமைக்குப் பிறகு அகர் பூஞ்சணம் பிடிக்கும், அகர் என்றாலே அதற்குச் சாப்பாடு. கூழைச் சின்னச் சின்னதாகக் காய்ச்சுங்கள், மிச்சத்தைக் குளிரூட்டியில் வைத்தால் போத்தலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருதரம் அது புடிங் என்று நினைத்துத் தட்டில் வந்தது.